மோட்டார் வைத்த பெரிய டிஷ்: ஒரு சின்ன வரலாறு



இன்று மாடிக்கு மாடி ஒரு சின்ன டிஷ் இருக்கிறது. டி.டி.எச். கம்பெனி ஆள் வருவார், சுவரில் நாலு ஓட்டை போடுவார், திசை பார்த்து போல்ட்டை முடுக்குவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதோடு சரி. அந்த டிஷ் தன் ஆயுள் முழுக்க ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மழை நாளில் படம் போனால் மட்டும் நமக்கு அதன் ஞாபகம் வரும்.

இந்தச் சின்ன டிஷ்ஷுக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு. எட்டு அடி, பத்து அடி, பன்னிரண்டு அடி அகலம். பின்னால் ஒரு மோட்டார். வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் வெளியே அது மெதுவாகத் திரும்பி, ஒரு செயற்கைக்கோளை விட்டுவிட்டு அடுத்த செயற்கைக்கோளைப் பார்க்கும். இந்தக் கட்டுரை அந்த அண்ணனைப் பற்றியது.

பி.காம் படிக்கும் எனக்கு ஆன்டெனாவில் என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு காரணம். ஒன்று, ஒரு பொருளின் விலை வேறு, அதை வைத்துக்கொள்ள ஆகும் செலவு வேறு என்று எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் சொல்வார்கள். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு, டிஷ்ஷைத் திருப்புவது யார் கையில் இருக்கிறது என்பதில் எதைப் பார்ப்பது என்ற உரிமையும் அடங்கியிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் டிஷ் ஏன் திரும்பியது?

1962 ஜூலை 10 அன்று டெல்ஸ்டார் என்ற செயற்கைக்கோளை அமெரிக்கா ஏவியது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி டிவி படம் அனுப்பிய முதல் செயற்கைக்கோள் இதுதான். ஆனால் அது வானத்தில் ஒரு இடத்தில் நிற்காது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஒரே நேரத்தில் அது கண்ணில் படுவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம்தான்.

ஓடுகிற ஆளை விரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்பித்தானே ஆகவேண்டும்? அதனால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கூன்ஹில்லி என்ற இடத்தில் சுமார் 26 மீட்டர் அகலத்தில், ஆயிரம் டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு டிஷ்ஷைக் கட்டினார்கள். அத்தனை எடையும் சேர்ந்து திரும்ப வேண்டும். மோட்டார் வைத்த டிஷ்ஷின் கதை இப்படி ஒரு ராட்சதனிடமிருந்து தொடங்குகிறது.

அதற்கு 17 வருடம் முன்பே இந்த ஓட்டத்தை நிறுத்த ஒரு வழியை ஒருவர் எழுதிவிட்டிருந்தார். ஆர்தர் சி. கிளார்க். 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை வைத்தால், அது பூமியைச் சுற்றும் வேகமும் பூமி தன்னைத்தானே சுற்றும் வேகமும் ஒன்றாகிவிடும். கீழே இருப்பவருக்கு அது அசையாமல் நிற்பதுபோலத் தெரியும்.

1964இல் சின்காம் 3 அந்த இடத்தில் போய் நின்றது. அந்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்ஸ் படங்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது அதுதான். 1965இல் ‘ஏர்லி பேர்ட்’ வந்தது. கோள் நின்றதும் டிஷ்ஷும் நின்றுவிட்டது. ஒருமுறை குறி பார்த்துக் கட்டினால் போதும். ஆனால் அப்போதும் அது அரசாங்கங்களும் பெரிய கம்பெனிகளும் மட்டுமே கட்டக்கூடிய பொருளாக இருந்தது.

கோழிவலையும் கொழும்பு வீடும்

டிஷ் வீட்டுப் பக்கம் வந்த கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியாவில் ‘சைட்’ என்ற சோதனை நடந்தது. நாசாவின் ஏ.டி.எஸ். 6 என்ற செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். (தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. பக்கத்தில் ஆந்திராவும் கர்நாடகாவும் இருந்தன.) கிராமத்தில் வைத்த டிஷ் பத்து அடி அகலம். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையில் செய்தது! அந்தக் கோள் அனுப்பிய அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அதற்குக் கோழிவலையின் ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. வழவழப்பான தகடு போலவே அது அலையைத் திருப்பி அனுப்பும்.

அப்போது கிளார்க் குடியிருந்தது கொழும்பில். யோசனை சொன்னவருக்கு மரியாதையாக இந்தியா 1975இல் அவர் வீட்டிலேயே ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தது. இலங்கையில் டிவி ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே அவர் வீட்டில் டிவி ஓடியது.

திரும்பி வந்த காசோலை

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். வீட்டு டிஷ் ஒரு பழக்கமாகப் பரவியது அங்கேதான்.

1975இல் ஹெச்.பி.ஓ. என்ற சினிமா சேனல் தன் நிகழ்ச்சிகளைச் செயற்கைக்கோள் வழியாக ஊர் ஊராக உள்ள கேபிள் கம்பெனிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. கேபிள் கம்பெனி அதைப் பெரிய டிஷ்ஷில் பிடித்து, வயர் இழுத்து வீடுகளுக்குக் கொடுக்கும். ஆனால் வானத்திலிருந்து வரும் அலைக்குக் கேபிள் கம்பெனி எது, விவசாயி வீடு எது என்று தெரியுமா? அது எல்லார் தலையிலும்தான் விழுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் இதைப் புரிந்துகொண்டார். 1976இல் கழித்துக் கட்டிய உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தன் வீட்டிலேயே ஒரு டிஷ் அமைத்து அந்தப் படங்களைப் பார்த்தார். நாணயமான மனிதர். பார்த்ததற்காக ஹெச்.பி.ஓ.வுக்கு நூறு டாலர் காசோலை அனுப்பினார். நாங்கள் கேபிள் கம்பெனிகளோடு மட்டும்தான் வியாபாரம் செய்வோம் என்று அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்க ஆள் தயார், விற்க ஆள் தயாரில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சட்டப்படி அப்போது டிஷ் வைக்க அரசாங்க லைசென்ஸ் வேண்டும். 1979 அக்டோபரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், வெறுமனே அலையை வாங்கும் டிஷ்ஷுக்கு லைசென்ஸ் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. அதே வருடம் நீமன் மார்கஸ் என்ற பணக்காரக் கடையின் கிறிஸ்துமஸ் பட்டியலில் வீட்டு டிஷ் ஒன்று 36,500 டாலருக்கு வந்தது. 1980களின் நடுவில் அதே மாதிரி அமைப்பு மூவாயிரம் டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் டிஷ் முளைத்தது. அதிகமும் கேபிள் வயர் போகாத கிராமப்புறங்களில்தான்.

டிஷ்ஷைத் திருப்ப வேண்டிய அவசியமும் அப்போதுதான் மறுபடியும் வந்தது. சாட்காம், வெஸ்டார், கேலக்ஸி என்று வானத்தில் கோள்கள் பெருகின. ஒரு சேனல் இங்கே, இன்னொரு சேனல் அங்கே. டெல்ஸ்டார் காலத்தில் கோள் ஓடியது, அதனால் டிஷ் திரும்பியது. இப்போது கோள்கள் நிற்கின்றன, பார்ப்பவரின் ஆசை ஓடுகிறது. அதனால் டிஷ் திரும்புகிறது. :-)

ஒரே அச்சு, ஒரே மோட்டார்

இங்கே ஒரு சிக்கல். கோள்கள் எல்லாம் வானத்தில் ஒரு வில் போல வரிசையாக நிற்கின்றன. நடுவில் உயரம், இரண்டு ஓரத்திலும் தாழ்வு. ஒரு கோளிலிருந்து அடுத்ததற்குப் போக டிஷ்ஷைப் பக்கவாட்டிலும் திருப்ப வேண்டும், மேலும் கீழும் சாய்க்க வேண்டும். அப்படியென்றால் இரண்டு மோட்டார், இரண்டு கணக்கு. செலவும் இரட்டிப்பு.

இதற்கான விடை ஏற்கெனவே வானியல்காரர்களிடம் இருந்தது. நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்காக நகர்வதைத் தொடர, தொலைநோக்கியின் ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிடுவார்கள். பிறகு அந்த ஒரு அச்சில் சுற்றினால் போதும். ஜெர்மானியரான ஃப்ரான்ஹோஃபர் 1824இல் டோர்பாட் வானாய்வகத்துக்குச் செய்து கொடுத்த தொலைநோக்கி அப்படிப்பட்டது. அதைக் கடிகார எந்திரம் திருப்பியது. அதே யோசனையைத்தான் டிஷ்ஷுக்குக் கொண்டுவந்தார்கள். இதற்குப் பெயர் போலார் மவுன்ட்.

ஒரு சின்ன வித்தியாசம். நட்சத்திரங்கள் எண்ணமுடியாத தூரத்தில் இருக்கின்றன. செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அதனால் டிஷ்ஷைக் கொஞ்சம் கூடுதலாகத் தெற்குப் பக்கம் சாய்க்க வேண்டும். லண்டனில் இந்தக் கூடுதல் சாய்வு ஏறத்தாழ 7.5 டிகிரி. சென்னையில் 2.3 டிகிரி. மதுரையில் 2 டிகிரிகூட இல்லை. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இது பூஜ்யத்தை நெருங்கும்.

திருப்பும் வேலையைச் செய்வது ஆக்சுவேட்டர். லாரி ஜாக்கி மாதிரி ஒரு நீளமான திருகு, அதைச் சுழற்ற 36 வோல்ட் மோட்டார். திருகு நீண்டால் டிஷ் ஒரு பக்கம், சுருங்கினால் மறுபக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் தட்டும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டி அந்தத் தட்டல்களை எண்ணி, இத்தனையாவது தட்டலில் இந்தக் கோள் என்று நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னாளில் சின்ன டிஷ்களுக்கு டைசெக் என்ற முறை வந்தது. படம் வரும் அதே கேபிள் வழியாகவே மோட்டாருக்கும் கட்டளை போகும். ஆனால் அந்த மோட்டார்கள் ஒரு மீட்டர் அளவு டிஷ்ஷைத்தான் தாங்கும். பெரிய டிஷ்ஷுக்கு இன்றும் பழைய 36 வோல்ட் ஆக்சுவேட்டர்தான் கதி.

எத்தனை அடி வாங்குவது?

அன்று அமெரிக்கக் குடும்பங்கள் கடையில் நின்று யோசித்த கேள்வி இது. இன்று யாராவது ஆசைப்பட்டாலும் இதே கேள்விதான்.

டிஷ் என்பது மழைநீர் பிடிக்கும் பாத்திரம் மாதிரி. வாய் அகலமானால் அதிகம் பிடிக்கும். ஆறு அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்குப் போனால் பரப்பு நான்கு மடங்கு, கிடைக்கும் அலையும் நான்கு மடங்கு. இன்னொரு லாபமும் உண்டு. டிஷ் பெரிதாக ஆக அதன் பார்வை கூர்மையாகும். பழைய டிஷ்கள் வேலை செய்த சி பேண்டில் ஆறு அடி டிஷ்ஷின் பார்வை கிட்டத்தட்ட 3 டிகிரி அகலம். பத்து அடி டிஷ்ஷுக்கு 2 டிகிரிக்கும் குறைவு. 1983இல் அமெரிக்க ஆணையம் கோள்களை 2 டிகிரிக்கு ஒன்றாக நிறுத்தலாம் என்று முடிவு செய்தபோது சின்ன டிஷ்காரர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பக்கத்துக் கோளின் அலையும் சேர்ந்து உள்ளே வரும்.

தகடா, வலையா? சி பேண்ட் அலையின் நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர். ஓட்டை அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் வலையே போதும். இன்றைய டி.டி.எச். அலை சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். அதற்கு முழுத் தகடோ மிக நெருக்கமான வலையோ வேண்டும். வலை எடை குறைவு, காற்றும் ஓரளவு ஊடுருவிப் போகும். ‘ஓரளவு’ என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். வலைதானே என்று அலட்சியமாகக் கட்டக் கூடாது.

ஆக, பெரிது வாங்கினால் எல்லாமே லாபம் போலத் தோன்றும். பில் தொகையில் அப்படித்தான் தெரியும். செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

காற்றின் கணக்கு

காற்று ஒரு பரப்பில் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு. கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) சென்னைக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம்.

90 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பரப்பு 0.64 சதுர மீட்டர். நேராக அடித்தால் சுமார் நூறு கிலோ. பத்து அடி டிஷ்ஷின் பரப்பு ஏழு சதுர மீட்டருக்கு மேல். அதன்மேல் விழுவது ஒரு டன்னுக்கும் அதிகம். அந்த ஒரு டன் தரையில் உட்காரவில்லை. ஐந்தடி உயரக் குழாயின் உச்சியைப் பிடித்துத் தள்ளுகிறது. கடப்பாரையை நெம்புவது போல அடியில் உள்ள போல்ட்டுகளைப் பிடுங்கப் பார்க்கிறது. அகலம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் சுமை பதினொரு மடங்கு. வாங்கும்போது கடைக்காரர் இதைப் பில்லில் எழுத மாட்டார்.

அதனால்தான் அமெரிக்காவில் பெரும்பாலும் வீட்டுக் கூரையில் வைக்காமல் கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, தடித்த இரும்புக் குழாயை கான்கிரீட்டில் நட்டார்கள். குளிர்ப் பிரதேசங்களில் குழி இன்னும் ஆழம். தரைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் மண் உப்பும், குழாய் சாய்ந்துவிடும். போலார் மவுன்ட்டுக்குக் குழாய் தூக்குக்குண்டு பிடித்ததுபோல் நேராக நிற்க வேண்டும். அடியில் ஒரு டிகிரி சாய்ந்தால் வானத்து வில்லின் ஒரு ஓரத்தில் படம் வரும், மறு ஓரத்தில் வராது.

நம் ஊரில் பலருக்குக் கொல்லைப்புறம் ஏது? மொட்டை மாடிதான். இங்கே கவனிக்க வேண்டியவை வேறு.

முதலில், கைப்பிடிச் சுவரில் பெரிய டிஷ்ஷை மாட்டவே கூடாது. அது ஆள் விழாமல் தடுக்கக் கட்டிய சுவர், நெம்புகோலைத் தாங்கக் கட்டியதல்ல. கீழே தூண் வரும் இடத்துக்கு நேர் மேலே, தளத்தின் கம்பியோடு சேர்த்து அடித்தளம் போடுவதுதான் முறை. தளத்தில் துளை போட்டால் மழைநீர் இறங்கும். இதையெல்லாம் ஒரு சிவில் இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டாவது, சென்னையில் நேர் தெற்கே உள்ள கோள் கிட்டத்தட்ட 75 டிகிரி உயரத்தில் இருக்கும். லண்டனில் 31 டிகிரிதான். அங்கே டிஷ் பாய்மரம் போல நிற்கும், இங்கே சட்டி போல மல்லாந்து கிடக்கும். முழுத் தகடாக இருந்தால் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். காற்று முகத்தில் அறைவது குறையும், ஆனால் அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ்ஷைக் கிழக்கு, மேற்கு ஓரங்களில் விடாமல் நடுவுக்குக் கொண்டுவந்து, கயிறு போட்டு நான்கு பக்கமும் கட்டுவது நல்லது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது சென்னையில் எத்தனை மரங்கள் வேரோடு போயின என்பது நினைவிருக்கும்.

மூன்றாவது, மோட்டார். பட்டனை அழுத்துபவர் கீழே ஹாலில் இருக்கிறார். டிஷ் திரும்புவது மேலே மாடியில். அங்கே துணி காயப்போடும் அம்மாவோ பட்டம் விடும் பையனோ நிற்பது அவருக்குத் தெரியாது. டிஷ் முழுக்கத் திரும்பும் வட்டத்துக்குள் ஆள் போகாதபடி தடுப்பு வேண்டும். இரண்டு ஓரத்திலும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டும். கேபிளைத் தளர்வாக விட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது அறுந்துவிடும்.

கடைசியாக மின்சாரம். மின்கம்பி அருகில் போகும் மாடியில் இந்த ஆசையே வேண்டாம். பெரிய டிஷ்ஷைத் தனியாகவோ காற்றடிக்கும் நாளிலோ தூக்கக் கூடாது. கையில் இருப்பது ஒரு காற்றாடி என்பதைக் காற்று நினைவுபடுத்திவிடும். குழாய்க்கு நல்ல எர்த் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பளபளக்கும் டிஷ் சூரியனையும் குவிக்கும். அதனால்தான் மங்கலான பெயின்ட் அடிக்கிறார்கள்.

1986: பூட்டு விழுந்தது

மறுபடி அமெரிக்கா. 1984 அக்டோபரில் வந்த கேபிள் சட்டம், பூட்டப்படாத அலையை வீட்டில் பார்ப்பது குற்றமல்ல என்று தெளிவாக்கியது. டிஷ்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்த ‘பூட்டப்படாத’ என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. 1986 ஜனவரி 15 முதல் ஹெச்.பி.ஓ. தன் அலையை முழுநேரமும் குழப்பி அனுப்பத் தொடங்கியது. இனி பூட்டைத் திறக்கும் பெட்டி வாங்க வேண்டும், அதன்மேல் மாதம் 12.95 டாலர் கட்ட வேண்டும். மற்ற சேனல்களும் பின்தொடர்ந்தன. டிஷ் விற்பனை சரிந்தது.

அந்த ஏப்ரல் 27 நள்ளிரவில் ஹெச்.பி.ஓ. படத்தின் நடுவே சில நிமிடம் ஒரு கண்டன வாசகம் தோன்றியது. ‘கேப்டன் மிட்நைட்’ என்று கையெழுத்து. அனுப்பியவர் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஜான் மெக்டூகல் என்ற டிஷ் வியாபாரி. ஒரு செயற்கைக்கோள் நிலையத்தில் பகுதி நேர வேலையும் பார்த்தவர். அங்கிருந்த டிஷ்ஷைத் திருப்பி அதிக சக்தியில் அலையை ஏற்றிவிட்டார். 5,000 டாலர் அபராதம், ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. அவர் செய்தது தப்பு. ஆனால் ஹோவர்டின் காசோலையை நினைத்துப் பாருங்கள். பத்து வருடம் முன்பு தானாகக் கொடுத்த காசைத் திருப்பி அனுப்பியவர்கள், இப்போது தாங்கள் வைத்த விலைக்கு வா என்கிறார்கள். நடுவில் மூவாயிரம் டாலர் போட்டுக் குழி தோண்டி கான்கிரீட் ஊற்றியவரின் முதலீடு யார் கணக்கில்?

1994இல் டைரக் டிவி வந்தது. 18 அங்குல டிஷ். ஒருமுறை கட்டினால் முடிந்தது. 1996இல் வந்த விதி ஒரு மீட்டர் வரையிலான டிஷ்ஷுக்குக் குடியிருப்புச் சங்கங்கள் தடை போட முடியாது என்றது. பெரிய டிஷ்ஷுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கொல்லைப்புற ராட்சதர்கள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தார்கள். பிறகு 2021இல் முடிந்த ஏலத்தில் சி பேண்டின் ஒரு பெரிய பகுதி 81 பில்லியன் டாலருக்கு மேல் விலைபோய் செல்போனுக்குப் போய்விட்டது.

நம் மாடிகளில் ஏன் மோட்டார் இல்லை?

1990 ஏப்ரலில் ஏஷியாசாட் 1 ஏவப்பட்டது. அது ஏற்கெனவே வெஸ்டார் 6 என்ற பெயரில் 1984இல் ஏவப்பட்டு வழிதவறிப்போன கோள். அதே வருடம் விண்வெளி ஓடத்தில் போய்ப் பிடித்து, பூமிக்குக் கொண்டுவந்து, பழுதுபார்த்து மறுபடி அனுப்பினார்கள். செகண்ட் ஹேண்ட் கோள்! 1991இல் அதில் ஸ்டார் டிவி வந்தது. அதே வருட வளைகுடாப் போரை சி.என்.என்.னில் பார்த்த ருசியும் சேர்ந்துகொள்ள, நம் ஊர் மாடிகளில் கேபிள்காரர்களின் டிஷ்கள் முளைத்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது.

அமெரிக்காவில் டிஷ் வீட்டுக்கு ஒன்று. இங்கே அது தெருவுக்கு ஒன்று. பத்து அடி டிஷ்ஷின் செலவை இருநூறு வீடு பகிர்ந்துகொண்டால் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று எந்தக் கேபிள்காரருக்கும் எம்.பி.ஏ. படிக்காமலே தெரிந்திருந்தது. ஆனால் மோட்டார் டிஷ் ஒரு நேரத்தில் ஒரு கோளைத்தான் பார்க்கும். ஒரு வீட்டுக்கு அது போதும். இருநூறு வீட்டுக்கு எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் வேண்டும். அதனால் கேபிள்காரர் கோளுக்கு ஒன்றாக மூன்று நான்கு டிஷ்களை அசையாமல் நிறுத்தினார். எந்தக் கோளைப் பார்ப்பது என்ற முடிவும் அவர் மாடியிலேயே நின்றுவிட்டது.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் கேபிள் சட்டம் வந்தது. 1997இல் வீட்டுக்கு நேரடி டிஷ் தடை செய்யப்பட்டது. 2000இல் அனுமதி, 2003இல் முதல் டி.டி.எச். சேவை, 2004 டிசம்பரில் மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் சேவை. டிஷ் கடைசியில் நம் வீட்டுக்கும் வந்தது. சின்னதாக, பத்திரமாக, அசையாமல்.

மோட்டார் டிஷ் தோற்றுப்போன தொழில்நுட்பம் என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. சின்ன டிஷ் மலிவு, தலையில் விழும் பயம் குறைவு. அம்மா அப்பாவுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் அதோடு சேர்ந்து ஒன்றைக் கொடுத்துவிட்டோம். பெரிய டிஷ்காரர் பட்டனை அழுத்தி, யாரும் தனக்கென்று அனுப்பாத ஒரு படத்தை ஏதோ ஒரு கோளில் தேடிப் போக முடிந்தது. நாம் கம்பெனி அனுப்பும் பட்டியலுக்குள் தேடுகிறோம். அந்தச் சுதந்திரத்துக்கு அவர் கொடுத்த விலை கான்கிரீட், போல்ட், கயிறு, பக்கத்து வீட்டுக்காரர் மேலான பொறுப்பு. யாராவது இன்றும் அந்த வழியில் போவதென்றால் முதலில் அடித்தளத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். மிச்சம் இருப்பதில் எத்தனை அடி வருமோ அத்தனை அடி டிஷ் வாங்குங்கள்.

கொசுறு: மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சென்னையில் பகலில் சில நிமிடம் சூரியன் சரியாகக் கோள்களுக்குப் பின்னால் வரும். அப்போது சூரியனின் இரைச்சலில் படம் போய்விடும். அந்த நேரத்தில் பழைய பெரிய டிஷ் ஒன்றைப் பார்த்தால், நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யின் நிழல் சரியாக டிஷ்ஷின் மையத்தில் விழும். நிழல் மையத்தில் இருந்தால் கட்டியவர் கெட்டிக்காரர் என்று அர்த்தம்!